வீட்டு கராஜுக்கு எந்த ஏர் கம்ப்ரசர்? டர்பன் கணக்கு வேறு, ஜோகன்னஸ்பர்க் கணக்கு வேறு

கடைக்குள் நுழைந்ததும் விற்பவர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை லிட்டர் வேண்டும்?" என்பதுதான். 24, 50, 100 என்று டேங்க் அளவுப்படி மெஷின்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். விலைச்சீட்டில் பெரிதாக இருப்பதும் அந்த எண்தான். அதை வைத்து முடிவு செய்தால் பெரும்பாலும் தப்பான மெஷின்தான் வீட்டுக்கு வரும். எந்தக் கருவியை ஓட்டப் போகிறோம், எந்த ஊரில் ஓட்டப் போகிறோம் என்ற இரண்டும்தான் முதலில் தெரிய வேண்டியவை. டேங்க் எத்தனை லிட்டர் என்பது அதற்கு அப்புறம் வருகிற கணக்கு.

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஊர் என்பது சின்ன விஷயம் இல்லை. டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது. காற்றில் எப்போதும் ஈரம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் உதடு வெடிக்கிற அளவுக்கு வறண்ட காற்று. ஒரே பெட்டியில் வந்த ஒரே மெஷின் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஆனால் பெட்டியின் மேல் ஒரே எண்தான் அச்சடித்திருப்பார்கள்.

டயருக்கு மட்டும் என்றால்

வண்டிக்குக் காற்றடிப்பது ஒன்றுதான் வேலை என்றால் கம்ப்ரசரே வேண்டாம். இந்த நாட்டில் பெட்ரோல் பங்கில் ஆள் நின்று பெட்ரோல் போடுகிறார். டயர் காற்றையும் அவரே பார்த்துவிடுகிறார். கையில் கொஞ்சம் சில்லறை கொடுத்தால் போதும். வீட்டிலேயே வேண்டும் என்றால் 12 வோல்ட் பம்ப் ஒன்று வாங்கி காரின் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். 195/65 ஆர்15 அளவு டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம் இருக்கும். 1.5 பாருக்கு (பார் என்பது காற்றழுத்த அளவு) இறங்கிய டயரை 2.2 பாருக்கு ஏற்ற 20 லிட்டர் காற்று போதும். அதற்காக 50 கிலோ மெஷினை வாங்கி கராஜின் மூலையை அடைக்க வேண்டியதில்லை.

சக்கரம் கழற்ற இம்பாக்ட் ரென்ச், மர வேலைக்கு ஆணி அடிக்கும் கன், தூசி ஊதுவது, பக்கிக்கோ (பிக்கப் வண்டி) வாசல் கேட்டுக்கோ பெயிண்ட் அடிப்பது, பழைய பெயிண்ட்டைத் தேய்ப்பது என்று வேலை வளரும்போதுதான் உண்மையான கம்ப்ரசர் தேவைப்படுகிறது. இந்த வேலைகளுக்குள்ளேயே காற்றுத் தேவையில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

காற்றுப் பசி

ஆணி கன் ஒரு ஆணிக்கு ஒரு மிடறுதான் குடிக்கும்; எந்தச் சின்ன மெஷினும் அதைத் தாங்கும். அரை அங்குல இம்பாக்ட் ரென்ச்சின் அட்டையில் நிமிடத்துக்கு 120, 140 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அது விட்டுவிட்டு அழுத்துவதன் சராசரி. ட்ரிகரை விடாமல் பிடித்தால் 400 லிட்டருக்கு மேல் போகும். சாதாரண எச்.வி.எல்.பி. ஸ்ப்ரே கன் (நிறையக் காற்று, குறைந்த அழுத்தம்) நிமிடத்துக்கு 280 முதல் 420 லிட்டர் வரை கேட்கும். எல்.வி.எல்.பி. வகை கன் (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) 100 முதல் 170 லிட்டரில் ஒப்பேற்றும். எல்லாவற்றையும்விடப் பசியானது வட்டமாகத் தேய்க்கும் சாண்டர்: 230 லிட்டரில் தொடங்கி 350 வரை போகும். எண் ஸ்ப்ரே கன்னைவிடச் சின்னதுதான், ஆனால் நடுவில் ஓய்வே கொடுக்காது. ஸ்ப்ரே கன் பிடித்தவர் பேனலுக்குப் பேனல் நிறுத்துவார். சாண்டர் பிடித்தவர் நிறுத்த மாட்டார்.

இப்போது பெட்டியைப் பாருங்கள். 2 குதிரைத்திறன் மெஷினில் "நிமிடத்துக்கு 200 லிட்டர்" என்று பெரிதாக இருக்கும். அது பிஸ்டன் உள்ளே இழுக்கும் அளவு. 6, 8 பார் அழுத்தத்தில் ஹோஸ் வழியாக நம் கைக்கு வருவது அதில் அறுபது சதவீதம் அளவு, அதாவது 120, 130 லிட்டர். நல்ல கம்பெனி என்றால் உள்ளே இழுப்பது எவ்வளவு, வெளியே தருவது எவ்வளவு என்று இரண்டையும் கையேட்டில் தந்திருக்கும். ஒரு எண் மட்டும் இருந்தால் அது பெரிய எண்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

டேங்க் இதற்கு என்ன செய்யும்? 50 லிட்டர் டேங்க் 8 பாரில் நிறைந்திருக்கிறது. 6 பாருக்கு இறங்கும்வரை பயன்படுத்துகிறோம். 2 பார் வித்தியாசத்தை 50 லிட்டரால் பெருக்கினால் 100 லிட்டர். கையில் இருக்கும் இருப்பு அவ்வளவுதான். ஒரு சக்கரத்தில் ஐந்து நட்டு, நட்டுக்கு மூன்று விநாடி என்றால் இம்பாக்ட் ரென்ச் ஒரு சக்கரத்துக்கு அந்த நூறைக் காலி செய்துவிடும். பரவாயில்லை, சக்கரத்தைக் கழற்றி ஓரம் வைத்து ஜாக்கை நகர்த்தும் நேரத்தில் டேங்க் திரும்ப நிறைந்துவிடும். அதே வேலையை 24 லிட்டர் டேங்க்கில் செய்தால் மூன்றாவது நட்டிலேயே ரென்ச் முனக ஆரம்பிக்கும். சாண்டருக்கு இந்த நூறு லிட்டர் அரை நிமிடம்கூட வராது. அதற்கு டேங்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, பம்ப் ஈடுகொடுத்தாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஐயாயிரம் லிட்டர் ஜோஜோ தண்ணீர் டேங்க் வைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாக வரும் குழாயில் அதை நிரப்பினால் என்ன ஆகும்? அதுதான் இது.

இந்த எண்களோடுதான் கடைக்குப் போக வேண்டும். "என் கருவிகளில் அதிகம் குடிப்பது எது, அது விடாமல் குடிக்குமா, விட்டுவிட்டா?" என்பதற்குப் பதில் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

மூன்று வகை மெஷின்

பில்டர்ஸ் மாதிரி பெரிய ஹார்ட்வேர் கடையில் கண்ணில் படுவது பெரும்பாலும் முதல் வகை: மோட்டாரும் பம்பும் நேரடியாக ஒரே தண்டில் கோத்த டைரக்ட் டிரைவ், உள்ளே எண்ணெய், 50 லிட்டர் டேங்க், 2 குதிரைத்திறன். விலை குறைவு, சக்கரம் இருக்கிறது, ஒரு ஆளே இழுத்துப் போகலாம். மோட்டார் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றுகிறது. பம்பும் அதே வேகத்தில் அடிக்கிறது. அதனால் சீக்கிரம் சூடாகும். பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடம் ஆற வேண்டும் என்று பல கையேடுகளே சொல்கின்றன. அப்புறம் சத்தம். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 95, 97 டெசிபல் என்று இருக்கும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் கட்டிய அந்த வரிசை வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே சுவர். இந்தப் பக்கம் கம்ப்ரசர் போட்டால் அந்தப் பக்கம் அலமாரியில் பாத்திரம் ஆடும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி முதல் வாரம் ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் வந்து நின்று, "தம்பி, அது என்ன மெஷின், ரொம்ப நேரம் ஓடுமோ?" என்று கேட்பார். அது விசாரிப்பு இல்லை என்பது தம்பிக்கும் தெரியும்.

இரண்டாவது வகை, "சைலன்ட்" என்று விற்பது. எண்ணெய் கிடையாது; பிஸ்டனைச் சுற்றி டெஃப்லான் வளையம். மோட்டார் பாதி வேகத்தில், சுமார் 1,400 சுற்றில் ஓடும். பக்கத்தில் நின்று போன் பேசலாம். எண்ணெய் இல்லாததால் காற்றில் எண்ணெய்த் திவலையும் வராது; பெயிண்ட் அடிப்பவருக்கு அது ஒரு லாபம். குறை என்று பார்த்தால் அதே குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் குறைவான காற்று, கொஞ்சம் கூடுதல் விலை, வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஆண்டுக்குச் சில வார இறுதிகளில் மட்டும் ஓட்டும் வீட்டு கராஜில் அந்த வளையம் சீக்கிரம் தேயப் போவதில்லை.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எண்ணெய் இல்லாத மெஷின் எல்லாம் அமைதியான மெஷின் இல்லை. எண்ணெய் இல்லாமல் 2,850 சுற்றில் ஓடும் மலிவு மெஷின்களும் உண்டு. காதைக் கிழிப்பதில் அவைதான் முதலிடம். "ஆயில் ஃப்ரீ" என்ற எழுத்தைப் பார்க்காதீர்கள், மோட்டார் தகட்டில் ஆர்.பி.எம். எவ்வளவு என்று பாருங்கள். 1,400 பக்கம் இருந்தால் சரி. டெசிபலை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். சிலர் மெஷினிலிருந்து கிளம்பும் மொத்த ஒலியைப் போடுகிறார்கள். சிலர் சில மீட்டர் தள்ளி நின்று அளந்ததைப் போடுகிறார்கள். முதலாவது எப்போதும் பெரிதாகத்தான் தெரியும், இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. சுற்று எண்ணிக்கையில் அந்தக் குழப்பம் இல்லை.

மூன்றாவது, பெல்ட் போட்ட மெஷின். வார்ப்பிரும்புப் பம்ப், பெரிய சக்கரம், 3 குதிரைத்திறன் மோட்டார், 100 அல்லது 150 லிட்டர் டேங்க். பம்ப் மெதுவாகச் சுற்றும், குளிர்ச்சியாக ஓடும், கனத்த சத்தம் வரும், ஆனால் கத்தாது. கைக்கு 230, 250 லிட்டர் காற்று வரும். ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். வால்வுத் தகடு, கேஸ்கட், பெல்ட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். டைரக்ட் டிரைவைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. நகர்த்த இரண்டு பேர் வேண்டும். கராஜில் அதற்கென்று ஒரு இடம் ஒதுக்கியாக வேண்டும்.

பெட்ரோல் இன்ஜின் போட்டதும் இருக்கிறது. கராஜுக்குள் அதை ஓட்டினால் புகை ஆளைக் கொல்லும். தோட்டத்திலும் சைட்டிலும் வேலை செய்பவருக்கு அது; நமக்கு இல்லை.

என் கருத்தைக் கேட்டால், டைரக்ட் டிரைவ் 50 லிட்டர் மெஷின் தனி வீடும் பெரிய காம்பவுண்டும் உள்ளவருக்கு மட்டுமே சரி. சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இம்பாக்ட் ரென்ச், ஆணி கன், எல்.வி.எல்.பி. ஸ்ப்ரே என்ற அளவில் நிற்பவர் 1,400 சுற்று சைலன்ட் மெஷினை, குறைந்தது 50 லிட்டர் டேங்க்கோடு வாங்கலாம். காரின் பாடி வேலை, சாண்டர், முழு வண்டிக்குப் பெயிண்ட் என்று போகிறவருக்குப் பெல்ட் மெஷின்தான். வேறு எதையும் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒன்றரை மெஷின் மாதிரி நடுவில் ஒன்று தேடுகிறவர்கள்தான் இரண்டு தடவை வாங்குகிறார்கள். சாண்டர் எப்போதாவது ஒருமுறைதான் என்றால் கரண்ட்டில் ஓடும் சாண்டரை வாங்கிக்கொள்ளுங்கள். காற்று சாண்டருக்காகக் கம்ப்ரசரைப் பெரிதாக்குவதைவிட அது எவ்வளவோ மலிவு.

டர்பனில் தண்ணீர், ஜோகன்னஸ்பர்க்கில் உயரம்

டர்பனில் ஜனவரி மாதம் 28 டிகிரி வெயில், எண்பது சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அந்தக் காற்றை 8 பாருக்கு அமுக்கி, பழைய சூட்டுக்கே ஆறவிட்டால் மூன்று கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 19 கிராம் தண்ணீராக இறங்கும். நிமிடத்துக்கு 130 லிட்டர் தரும் சின்ன மெஷின் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 150 மில்லி அளவு தண்ணீர், ஒரு டீ கிளாஸ் நிறைய. பெல்ட் மெஷின் என்றால் அதுபோல இரண்டு கிளாஸ்.

இதே கணக்கை ஜோகன்னஸ்பர்க் ஜூலைக்குப் போடுங்கள்: 15 டிகிரி, முப்பது சதவீத ஈரம். கன மீட்டருக்கு இறங்குவது இரண்டரை கிராம்தான். ஏழில் ஒரு பங்கு. அங்கே இருப்பவர் டேங்க் வால்வை வாரக்கணக்கில் திறக்காமலே தப்பித்துக்கொள்வார். அவர் சொல்கிற யோசனையை அப்படியே கேட்டு டர்பன்காரர் நடந்தால் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். டர்பனில் கடலோரம் இருக்கும் பிளஃப் பக்கம் வீடு என்றால் கடல் உப்பு வெளியிலிருந்தும் அரிக்கும்.

தைப்பூசக் காவடிக்கு முன்னால் கோயில் ரதத்துக்கு வண்ணம் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். வருடத்திலேயே காற்று அதிகம் நனைந்திருக்கும் ஜனவரியில்தான் அவர்களுக்கு வேலை வருகிறது. கன் நன்றாக இருக்கும், பெயிண்ட் நன்றாக இருக்கும். பாதிப் பலகை முடியும்போது முனையிலிருந்து ஒரு துளி தெறித்து விழும். காய்ந்ததும் அந்த இடம் கொப்புளமாக நிற்கும். பெயிண்ட் கடைக்காரரைத் திட்டிப் பயன் இல்லை. டர்பனில் பெயிண்ட் அடிக்க நினைப்பவர் மெஷினுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, தண்ணீரைப் பிரிக்கும் ஏற்பாட்டுக்குத் தனியாக வைத்துவிட வேண்டும்.

உயரத்தின் கதை வேறு. ஜோகன்னஸ்பர்க்கில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடப் பதினேழு, பதினெட்டு சதவீதம் குறைவு. பம்ப் ஒரு அடிக்கு இழுக்கும் கொள்ளளவு அதேதான், ஆனால் அதற்குள் இருக்கும் காற்று குறைவு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் இருக்கும் என் மச்சான் டர்பனில் என் மெஷினை வந்து பார்த்துவிட்டு அதே மாடலை அங்கே வாங்கினார். "என்ன மச்சான், உன்னுடையது மூன்று நிமிடத்தில் நிறைகிறது, என்னுடையது ஊர்ந்துகொண்டே இருக்கிறது, மட்டமான பீஸைத் தலையில் கட்டிவிட்டான்" என்று புலம்பினார். பீஸில் ஒரு குறையும் இல்லை. டர்பனில் மூன்று நிமிடத்தில் நிறையும் டேங்க் அங்கே மூன்றரை நிமிடத்துக்கு மேல் எடுக்கத்தான் செய்யும். மெல்லிய காற்றில் மோட்டாரும் பம்பும் ஆறுவதும் மெதுவாகத்தான். அதனால் ஹைவெல்டில் (ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலம்) இருப்பவர் அட்டையில் போட்ட காற்று அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு அப்புறம் கருவியோடு ஒப்பிட வேண்டும். டர்பனில் 2 குதிரைத்திறன் தாங்கும் வேலைக்கு அங்கே இரண்டரையோ மூன்றோ தேவைப்படும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் 600 மீட்டர் சுமார்தான். அங்கே இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரண்ட்

நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மூன்று உருண்டைக் கால் உள்ள பெரிய பிளக் 16 ஆம்பியர் தாங்கும். 2 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 9 ஆம்பியர் சுமார் எடுக்கும். 3 குதிரைத்திறன் 13, 14 வரை போகும். 3 வரை சாதாரண சாக்கெட்டில் முடியும், ஆனால் அதே லைனில் கெட்டிலோ ஹீட்டரோ இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் தனி லைன், 5.5 குதிரைத்திறன் மெஷின்கள் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் கேட்கும், வீட்டுக்கு வேண்டாம். தனி லைன் இழுப்பதாக இருந்தால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்து, வயரிங் சரி என்று உறுதி சொல்லும் சி.ஓ.சி. சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்கும்போதும் இன்சூரன்ஸ்காரர் வரும்போதும் அந்தக் காகிதம் வேண்டும்.

சில மெஷின்கள் ஐரோப்பிய இரண்டு கால் பிளக்கோடு வருகின்றன. அதற்கு அடாப்டர் போட்டு ஓட்டுவது இந்த நாட்டுப் பழக்கம். கம்ப்ரசருக்கு அதைச் செய்யாதீர்கள். அடாப்டர் இளகிப் பழுப்பேறும். பிளக்கை வெட்டிவிட்டு, மூன்று கால் பிளக்கை ஒழுங்காக மாட்டினால் முடிந்தது.

எக்ஸ்டென்ஷன் கயிறு இதைவிட மோசம். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு, 50 ஆம்பியர் வரை இழுக்கும். 0.75 சதுர மி.மீ. கம்பி உள்ள மெல்லிய கயிறு 20 மீட்டர் என்றால், போக வர 40 மீட்டர் செம்பு, சுமார் ஒரு ஓம் தடை. 50 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டாருக்குக் கிடைப்பது 180 வோல்ட். கிளம்பும் விசை வோல்ட்டின் வர்க்கத்தோடு குறைவதால் அறுபது சதவீதம்தான் மிஞ்சும். மோட்டார் "ம்ம்ம்" என்று முனகி நிற்கும், பிரேக்கர் விழும், மெஷின் கெட்டுவிட்டது என்று நினைப்போம். தூரம் வேண்டுமென்றால் கம்பியை நீட்டாதீர்கள், காற்று ஹோஸை நீட்டுங்கள்.

லோட் ஷெட்டிங்கை (முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்துவது) பற்றிச் சொல்லாமல் இந்த நாட்டில் கரண்ட் பேச முடியாது. 2023 மாதிரி மோசமான வருடம் திரும்ப வராது என்று நம்புவோம், ஆனால் மெஷினுக்கு அதனால் வரும் சிக்கலைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. டேங்க் நிறைந்து கம்ப்ரசர் தானாக நிற்கும்போது "புஸ்" என்று ஒரு சத்தம் வருமே, அது பம்புத் தலையில் மாட்டிக்கொண்ட அழுத்தத்தை அன்லோடர் வால்வ் வெளியே விடும் சத்தம். அது நடந்தால்தான் மோட்டார் அடுத்த முறை சுமையில்லாமல் கிளம்ப முடியும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அந்தப் "புஸ்" நடப்பதில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வரும்போது சுவிட்ச் இன்னும் ஆனில்தான் இருக்கும். மோட்டார் முழு அழுத்தத்தையும் தள்ளிக்கொண்டு கிளம்பப் பார்க்கும். நல்ல மெஷின் என்றால் ஓவர்லோட் பட்டன் விழும். மட்டமான மெஷின் என்றால் சுருள் கருகும். ஆகவே கரண்ட் போனவுடன் முதல் வேலை, பிரஷர் சுவிட்சின் மேலிருக்கும் குமிழை அணைப்பது. புஸ் என்று கேட்க வேண்டும். அதே காரணத்தால் வேலை முடிந்து நிறுத்தும்போதும் சுவரில் பிளக்கைப் பிடுங்கக் கூடாது, குமிழைத்தான் அணைக்க வேண்டும்.

சோலார் இன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள் கம்ப்ரசரை அதில் மாட்டாமல், டிபி போர்டில் (வீட்டின் மெயின் பிரேக்கர் பெட்டி) மாநகராட்சிக் கரண்ட் பக்கமே விடுவது நல்லது. 5 கிலோவாட் இன்வர்ட்டருக்கு 2 குதிரைத்திறன் மெஷினை ஓட்டுவது பெரிய சுமை இல்லை. அது கிளம்பும் நொடிதான் பத்து கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். சில இன்வர்ட்டர் தாங்கும், சில வீட்டையே இருட்டாக்கும்.

இடம், குழாய், ஹோஸ்

சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். பெல்ட் மெஷினில் விசிறியாக வேலை செய்யும் பெரிய சக்கரம் சுவர்ப்பக்கம் இருக்கட்டும். கீழே ரப்பர். மெஷினின் காலைச் சிமெண்டில் போல்ட் போட்டு இறுக்கினால் அதிர்வு போக இடமில்லாமல் டேங்க்கின் வெல்டிங்கில் விரிசல் விழும். அடியில் இருக்கும் வடிகால் வால்வ் கைக்கு எட்ட வேண்டும். குனிந்து தேட வேண்டிய இடத்தில் இருந்தால் யாரும் தினமும் திறக்க மாட்டார்கள்; அதைத் திருகிவிட்டு ஒரு சின்னக் குழாயும் பந்து வால்வும் மாட்டி முன்பக்கம் கொண்டுவருவது மலிவான, உருப்படியான மாற்றம்.

தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை மெஷினின் வாயிலேயே மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கிறது. தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய், ஆறிய பிறகு ஹோஸில் துளியாகும். காற்று முதலில் ஆற வேண்டும். மெஷினிலிருந்து ஒரு குட்டை ரப்பர் ஹோஸ், அதிலிருந்து சுவரில் ஏறி இறங்கும் சில மீட்டர் செம்புக் குழாய், அதன் கடைசியில் ஃபில்டர். கிடைக் குழாய் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாக இறங்கட்டும். கருவிக்கான கிளையைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே கொண்டுவாருங்கள். அப்போது அடியில் ஓடும் தண்ணீர் அதற்குள் விழாது. ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் ஒரு சிறு வடிகால். டர்பனில் இந்தச் செம்புக் குழாய் இல்லாமல் எத்தனை விலை உயர்ந்த ஃபில்டர் போட்டாலும் பாதி வேலைதான் நடக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் ஃபில்டர் மட்டும் போதும்.

வெள்ளை பி.வி.சி. குழாய் மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் காற்று லைன் போடாதீர்கள். தண்ணீரில் அது வெடித்தால் ஈரமாகும், அவ்வளவுதான். அமுக்கிய காற்றில் வெடித்தால் கூரிய துண்டுகளாகப் பறக்கும்.

ஹோஸின் உள்விட்டம் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஸ்ப்ரே கன்னுக்கு 10. சுருள் சுருளாக வரும் 6 மி.மீ. ஹோஸ் டயருக்கு மட்டும். ஸ்ப்ரே கன்னின் அழுத்தத்தை ட்ரிகரைப் பிடித்தபடி பார்க்க வேண்டும். விட்டுவிட்டுப் பார்க்கும் எண் பொய். இம்பாக்ட் ரென்ச்சுக்கு எண்ணெய் தேவை, பெயிண்ட்டுக்கு எண்ணெய் ஆகாது. ஒரே லைனில் எண்ணெய்க் கிண்ணம் மாட்டினால் ஹோஸ் முழுக்க எண்ணெய் படிந்துவிடும். ரென்ச்சின் வாயில் வேலைக்கு முன் இரண்டு துளி விட்டால் போதும். ஸ்ப்ரேயைப் பற்றி இன்னொன்று: ஹார்ட்னர் கலந்த இரண்டு பாக கார் பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது. சாதாரண முகமூடி அதற்குப் போதாது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க் வேண்டும். அது இல்லாதவர் அந்தக் கடைசிப் பூச்சைக் கடையிலேயே கொடுத்து அடித்துக்கொள்வது நல்லது.

பம்பில் ஊற்றுவது ஐ.எஸ்.ஓ. 100 (எண்ணெயின் தடிப்பைச் சொல்லும் எண்) கம்ப்ரசர் எண்ணெய். காருக்கு வாங்கிய மல்ட்டிகிரேடில் மிஞ்சியதை ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் டிடர்ஜென்ட் ஈரத்தோடு கலந்து நுரைக்கும், வால்வில் கரியும் படியும். புது மெஷினில் முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றச் சொல்லியிருப்பார்கள். அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ராத்திரி டேங்க்கை நிரப்பி, சுவிட்சை ஆனில் விட்டுவிட்டுத் தூங்கப் போகவும் கூடாது. எங்கேயாவது சின்னக் கசிவு இருந்தால் நள்ளிரவில் தானாகக் கிளம்பும், ஆன்ட்டி மறுபடியும் வேலியோரம் வருவார். சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும்.

பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால்

பெல்ட் மெஷின் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாதவர் பழையதைப் பார்க்கலாம், தப்பில்லை. பம்பும் மோட்டாரும் ரிப்பேர் ஆகும், டேங்க் ஆகாது. முதலில் டேங்க்கில் அடித்திருக்கும் தகட்டைத் தேடுங்கள்: தயாரித்த வருடம், தாங்கும் அழுத்தம், சோதனை அழுத்தம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தகடு இல்லாத டேங்க், வெல்டிங் ஒட்டுப் போட்ட டேங்க் இரண்டையும் எந்த விலைக்கும் தொடாதீர்கள். ஆள் வைத்து வேலை வாங்கும் பட்டறைக்கு 2009 இல் வந்த அழுத்தக் கருவி விதிகள் பொருந்தும். அங்கே டேங்க்கை அவ்வப்போது சோதித்துச் சான்று வைத்திருக்க வேண்டும். ஒரு பட்டறையிலிருந்து வரும் மெஷின் என்றால் அந்தச் சான்றைக் கேட்கலாம். இருந்தால் அது மெஷினுக்குப் பெரிய பலம்.

அடுத்து வடிகாலைத் திறந்து பாருங்கள். கலங்கலாக வந்தால் சரி. செங்கல் நிறத்தில் துகளோடு கொட்டினால் உள்ளே தகடு கரைகிறது. சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீற வேண்டும், விட்டதும் மூட வேண்டும். பிறகு டேங்க்கைக் காலி செய்து, வடிகாலை மூடி, போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு சைபரிலிருந்து 8 பார் வரை ஓடவிடுங்கள். டேங்க் லிட்டரை எட்டால் பெருக்கி நிமிடத்தால் வகுத்தால் உண்மையாக வரும் காற்று தெரிந்துவிடும். 100 லிட்டர் டேங்க் மூன்றேகால் நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 246 லிட்டர். 3 குதிரைத்திறன் பெல்ட் மெஷினுக்கு அது நல்ல எண். ஐந்து நிமிடம் எடுத்தால் 160 தான். வால்வோ வளையமோ போயிருக்கிறது, அதற்குத் தகுந்தபடி விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் நின்று அளப்பவர் ஐந்தே நிமிடத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிட வேண்டாம். அங்கே நல்ல மெஷினே நாலு நிமிடம் எடுக்கும்.